ஹைக்கூ இயங்குதளத்துக்கு ஒரு பேக்கப் மென்பொருளைக் கொண்டுபோவது எப்படி?

ஒரு விளையாட்டையோ டெக்ஸ்ட் எடிட்டரையோ புது இயங்குதளத்தில் ஓடும்படி மாற்றினால், அதாவது போர்ட் செய்தால், சரியாக வந்திருக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் திரையிலேயே தெரிந்துவிடும். பேக்கப் மென்பொருளில் அப்படித் தெரியாது. பில்ட் (மூலக் குறிமுறையை ஓடும் நிரலாக மாற்றும் வேலை) சுத்தமாக முடியும், கமாண்ட் ஓடும், “பேக்கப் முடிந்தது” என்ற செய்தியும் வரும். ஆனால் பாதித் தரவு உள்ளே போயிருக்காது. அது தெரியவருவது வட்டு செத்துப்போன நாளில்தான். அதனால் பில்ட் ஆகிவிட்டது என்று இங்கே நிறுத்திக்கொண்டால் அது பாதிக் கிணறு தாண்டியது மாதிரிதான்.

இந்தக் கட்டுரை, திறமூல மென்பொருளில் பங்களிக்க விரும்பி, போர்ட் செய்யும் வேலையை இதுவரை தொட்டிராதவர்களுக்கானது. பைத்தான் ஓரளவு தெரிந்து, சி மொழியைப் படித்தால் புரியும் என்றால் போதும். எடுத்துக்காட்டாக போர்க்பேக்கப் (சுருக்கமாக போர்க்) என்ற பேக்கப் மென்பொருளை ஹைக்கூ இயங்குதளத்துக்குக் கொண்டுபோகிறோம். வேறு மென்பொருள், வேறு இயங்குதளம் என்றாலும் கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

எதை, எங்கே கொண்டுபோகிறோம்

1990களில் பீ நிறுவனம் உருவாக்கிய பீஓஎஸ்ஸின் வழிவந்தது ஹைக்கூ. அந்த நிறுவனத்தின் சொத்துகளை 2001இல் பாம் வாங்கியதும், ரசிகர்கள் சேர்ந்து ஓப்பன்பீஓஎஸ் என்ற பெயரில் அதைப் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். 2004இல் பெயர் ஹைக்கூ ஆனது. முதல் பீட்டா 2018 செப்டம்பரிலும் ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரிலும் வந்தன. இது லினக்ஸ் அல்ல, பிஎஸ்டியும் அல்ல. கர்னல், ஃபைல் சிஸ்டம், சாளரங்கள் எல்லாம் தனி. அதே நேரம் போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான தரம்) அழைப்புகளில் பெரும்பாலானவை இருப்பதால் யூனிக்ஸ் மென்பொருள்கள் பலவற்றை இங்கே கொண்டுவர முடிகிறது.

போர்க் 2015இல் ஆட்டிக் என்ற மென்பொருளிலிருந்து கிளைத்தது. கோப்புகளைத் துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டை ஒருமுறை மட்டும் சேமிக்கும். சுருக்கும், மறையாக்கமும் செய்யும். பெரும்பகுதி பைத்தான். வேகம் வேண்டிய இடங்களும் இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசும் இடங்களும் சைதனிலும் (பைத்தான் போல எழுதி, சியாக மாற்றிக்கொள்ளும் மொழி) சியிலும் இருக்கின்றன.

ஹைக்கூவுக்கு இந்த வகை மென்பொருள் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹைக்கூவின் ஃபைல் சிஸ்டமான பிஎஃப்எஸ்ஸில் ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) கிடையாது. மாறாத கோப்புகளை ஹார்ட் லிங்க்காக வைத்துத் தினமும் ஒரு முழு நகல் போலக் காட்டும் ஆர்ஸ்னாப்ஷாட் வகைக் கருவிகள், பிஎஃப்எஸ் வட்டில் சேமிக்க முயன்றால் அடிப்படையிலேயே தடுக்கி விழும். துண்டுகளாகச் சேமிக்கும் கருவிக்கு அந்தச் சிக்கல் இல்லை. எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், அது எந்த வசதியை நம்பி நிற்கிறது, அந்த வசதி போகிற இடத்தில் இருக்கிறதா என்பதைப் பில்ட் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்ய ஓர் இடம்

உங்கள் அன்றாடக் கணினியில் தொடங்க வேண்டாம். கியூஇஎம்யூ அல்லது வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் 64 பிட் ஹைக்கூவை நிறுவுங்கள். 32 பிட் பதிப்பு பழைய பீஓஎஸ் மென்பொருள்களை ஓட்டுவதற்காக ஜிசிசி 2ஐயும் சுமந்துகொண்டிருப்பதால், அதில் பில்ட் செய்வது கூடுதல் தலைவலி. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தினமும் உருவாகும் சோதனைப் பதிப்பான நைட்லியை விட்டுவிட்டுப் பீட்டா வெளியீட்டையே எடுங்கள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், காரணம் உங்கள் மாற்றமா அல்லது இயங்குதளத்தின் மாற்றமா என்று தேடும் வேலை மிச்சமாகும்.

மெய்நிகர் கணினிக்கு இரண்டாவது வட்டு ஒன்றையும் கொடுத்து, அதை பிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். மீட்டெடுத்துப் பார்க்கும் சோதனைகள் எல்லாம் அங்கேதான் நடக்கும். பேக்கப் களஞ்சியத்தை ஒரு லினக்ஸ் கணினியில் வைத்து எஸ்எஸ்ஹெச் வழியாக அணுகுவது நல்லது. போர்க் அதற்கு ஏற்றபடிதான் கட்டப்பட்டிருக்கிறது. களஞ்சியம் எழுதும் பக்கம் நன்றாகச் சோதிக்கப்பட்ட லினக்ஸில் இருந்தால், பிரச்சினை வரும்போது ஹைக்கூ பக்கத்தை மட்டும் சந்தேகப்பட்டால் போதும்.

அடுத்து, ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஹைக்கூவுக்குக் கொண்டுவரப்பட்ட மென்பொருள்களின் பில்ட் குறிப்புகள் எல்லாம் ஹைக்கூபோர்ட்ஸ் என்ற களஞ்சியத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரெசிபி என்றொரு கோப்பு. உங்கள் மென்பொருளுக்கு ரெசிபி இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். இல்லாவிட்டாலும், அதே மொழியில், அதே நூலகங்களை நம்பியிருக்கும் வேறு மென்பொருளின் ரெசிபியைப் படியுங்கள். கூடவே போர்க்கின் மூலக் குறிமுறையில் பிளாட்ஃபார்ம் என்ற ஃபோல்டரைத் திறந்து, உங்கள் கையில் இருக்கும் பதிப்பு எந்தெந்த இயங்குதளங்களுக்குத் தனிக் கோப்பு வைத்திருக்கிறது என்று பாருங்கள். நம் வேலையின் மையம் அந்த ஃபோல்டர்தான்.

முதல் பில்ட்

தேவையான நூலகங்களை பிகேஜிமேன் கமாண்டால் நிறுவலாம். பேக்கேஜின் சரியான பெயர் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு கமாண்ட் வேண்டுமானால் அதன் பெயருக்கு முன் “சிஎம்டி” என்றும், ஒரு நூலகத்தின் ஹெடர்கள் வேண்டுமானால் “டெவெல்” என்றும் போட்டு முக்காற்புள்ளி வைத்துக் கேட்டால், எந்த பேக்கேஜ் அதைத் தருகிறதோ அதை அதுவே தேடிக்கொள்ளும். போர்க்குக்கு ஓப்பன்எஸ்எஸ்எல், எல்இசட்4, இசட்ஸ்டாண்டர்ட், எக்ஸ்எக்ஸ்ஹேஷ் ஆகியவற்றின் ஹெடர்கள், பைத்தானின் ஹெடர்கள், ஜிசிசி, பிகேஜி-கான்ஃபிக் ஆகியவை வேண்டும்.

பிறகு பைத்தானில் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி, அதற்குள் மூலக் குறிமுறையிலிருந்து நிறுவிப் பாருங்கள். லினக்ஸில் பிப் பெரும்பாலும் முன்பே பில்ட் ஆன வீல் கோப்புகளை இறக்கித் தந்துவிடும். ஹைக்கூவுக்கு அப்படி வீல்கள் கிடைக்காது. சியில் எழுதிய ஒவ்வொரு சார்பு நூலகமும் உங்கள் கணினியிலேயே பில்ட் ஆக வேண்டும். நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள்.

முதல் முயற்சியில் பிழைகள் வரத்தான் செய்யும். வழக்கமாக வருபவை இவை.

ஹெடரைக் காணோம் என்ற புகார். ஹைக்கூவில் யூஎஸ்ஆர் ஃபோல்டர் கிடையாது. ஹெடர்கள் /பூட்/சிஸ்டம்/டெவலப்/ஹெடர்ஸ் என்ற இடத்திலும், லிங்க் செய்ய வேண்டிய நூலகங்கள் அதற்குப் பக்கத்தில் லிப் ஃபோல்டரிலும் இருக்கும். பில்ட் நிரல் யூஎஸ்ஆரை நேரடியாகத் தேடினால், அந்தப் பாதையை மாற்றி எழுதுவதைவிட பிகேஜி-கான்ஃபிக்கிடம் கேட்கும்படி மாற்றுங்கள். அந்த மாற்றம் மற்ற இயங்குதளங்களுக்கும் பயன்படும் என்பதால் மூலத் திட்டத்தினர் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

லிங்கரின் புகார். கணித ஃபங்ஷன்களும் பித்ரெட்டும் ஹைக்கூவில் லிப்ரூட் என்ற அடிப்படை நூலகத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைத் தனியாக லிங்க் செய்யச் சொல்லும் வரிகளை ஹைக்கூவுக்கு மட்டும் நீக்க வேண்டும். சாக்கெட் ஃபங்ஷன்கள் நேர்மாறு. லினக்ஸில் எதுவும் சொல்லாமலே கிடைப்பவை இங்கே லிப்நெட்வொர்க்கில் இருக்கின்றன. பிஎஸ்டி வழி வந்த சில ஃபங்ஷன்களுக்கு லிப்பிஎஸ்டி வேண்டும்.

பிறகு, இயங்குதளத்தின் பெயர். பைத்தானில் சிஸ் மாட்யூலிடம் பிளாட்ஃபார்ம் எது என்று கேட்டால் ஹைக்கூவில் “ஹைக்கூ1” என்று வரும், வெறும் “ஹைக்கூ” என்று அல்ல. சமமா என்று ஒப்பிடாமல், அந்தச் சொல்லில் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

சியில் எழுதிய பகுதிகளில் இன்னொன்று காத்திருக்கிறது, இது பில்ட்டின்போது தலைகாட்டாது. ஹைக்கூவில் எர்நோ (கடைசியாக வந்த பிழையின் எண்) மதிப்புகள் எதிர்ம எண்கள். “பிழையென்றால் எர்நோவுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டுத் திருப்பு, அழைத்தவர் பூஜ்யத்தைவிடக் குறைவா என்று பார்க்கட்டும்” என்பது லினக்ஸ் உலகத்தில் மிகப் பழகிய முறை. இங்கே அந்தக் கழித்தல் குறி எதிர்மத்தை நேர்மமாக்கிவிடும், பிழை வெற்றியாகத் தெரியும். பேக்கப் மென்பொருளில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. எர்நோவுக்கு முன் கழித்தல் குறி வரும் எல்லா இடங்களையும் தேடிப் பாருங்கள். ஓரிரு இடங்கள் என்றால் கையால் திருத்துங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால், பி_யூஸ்_பாசிட்டிவ்_போசிக்ஸ்_எரர்ஸ் என்ற மேக்ரோவை வரையறுத்து, அதற்கான எரர் மேப்பர் நூலகத்தையும் லிங்க் செய்து பில்ட் செய்யலாம். பைத்தானில் எழுதிய பகுதி, பிழை எண்களைப் பெயரால் ஒப்பிடும்வரை இதில் மாட்டாது.

ஆட்ரிபியூட்: தரவு உண்மையில் இருக்கும் இடம்

இந்தப் பகுதிக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். ஹைக்கூவில் பேக்கப் எடுப்பதன் உயிர்நாடி இதுதான்.

ஹைக்கூவில் பீப்பிள் என்றொரு முகவரிப் புத்தகம் இருக்கிறது. அதில் ஒருவரைச் சேர்த்துச் சேமியுங்கள். டெர்மினலில் அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள்: 0 பைட். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எல்லாம் கோப்போடு ஒட்டியிருக்கும் ஆட்ரிபியூட்டுகளில் இருக்கின்றன. உள்ளே கடிதமே இல்லாமல், எல்லாச் செய்தியும் மேலேயே எழுதிய உறை போன்றது அந்தக் கோப்பு. லிஸ்ட்ஆட்டர் என்ற கமாண்டைக் கொடுத்தால் மெட்டா:நேம், மெட்டா:ஈமெயில் என்று பட்டியல் வரும். ஆட்ரிபியூட்டுகளை எடுக்கத் தெரியாத பேக்கப் மென்பொருள் இந்தக் கோப்பை எந்தப் புகாரும் இல்லாமல் சேமிக்கும், மீட்டும் தரும். மீண்டு வருவது காலிக் கோப்பு மட்டுமே. மின்னஞ்சலிலும், உடல் கோப்பில் இருந்தாலும், படித்தாயிற்றா இல்லையா என்ற நிலை ஆட்ரிபியூட்டில்தான் இருக்கிறது. கோப்பின் வகையே பீஓஎஸ்:டைப் என்ற ஆட்ரிபியூட்தான்.

டார் இயல்பாக இவற்றை விட்டுவிடும். ஹைக்கூவோடு வரும் ஜிப் மட்டும் ஆட்ரிபியூட்டுகளைச் சேர்த்துக் கட்டும்படி திருத்தப்பட்டிருக்கிறது. அதனால்தான் ஹைக்கூ பயனர்கள் கோப்புகளைப் பரிமாறப் பெரும்பாலும் ஜிப்பையே பயன்படுத்துகிறார்கள்.

இப்போது போர்க்கின் பிளாட்ஃபார்ம் ஃபோல்டருக்கு வாருங்கள். லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கோப்புகள் இருக்கும். எதற்கும் பொருந்தாத இயங்குதளத்துக்கு பேஸ் என்ற பொதுக் கோப்பு. அதில் ஆட்ரிபியூட் பட்டியல் கேட்கும் ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று படியுங்கள். காலிப் பட்டியலைத் திருப்புகிறது, அவ்வளவுதான். பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. அதை எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆட்ரிபியூட்டே இல்லாத இயங்குதளத்தில் அது சரியான பதில். ஆனால் ஹைக்கூவில் பில்ட் வெற்றி பெற்று, நீங்கள் எதுவும் எழுதாமல் விட்டால், நடப்பது இதுதான்.

எனவே ஹைக்கூவுக்கென ஒரு சைதன் கோப்பு எழுத வேண்டும். ஃப்ரீபிஎஸ்டிக்கான கோப்பை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத வேண்டிய ஃபங்ஷன்கள் மூன்றுதான்: பட்டியல் எடுப்பது, ஒன்றின் மதிப்பைப் படிப்பது, எழுதுவது. இவற்றுக்கான ஹைக்கூவின் சொந்த அழைப்புகள் எஃப்எஸ்_ஆட்டர் ஹெடரில் இருக்கின்றன. சி ஃபங்ஷன்கள் என்பதாலும் லிப்ரூட்டிலேயே இருப்பதாலும் சைதனிலிருந்து நேரே அழைக்கலாம். ஆட்ரிபியூட்டுகளை ஒரு ஃபோல்டரைப் போலத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படித்துப் போவதுதான் முறை. ஒவ்வொரு பெயருக்கும் ஸ்டாட் அழைப்பு இரண்டு விஷயங்களைத் தரும்: அளவு, வகை.

அந்த வகை என்பதில்தான் சூட்சுமம். லினக்ஸின் எக்ஸ்டெண்டெட் ஆட்ரிபியூட்டுக்குப் பெயரும் பைட்டுகளும் மட்டுமே உண்டு. ஹைக்கூவில் ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்து அடங்கும் 32 பிட் வகைக் குறியீடு ஒன்று உண்டு: எழுத்துச் சரம், முழு எண், நேரம், மைம் வகை என்று. போர்க்கோ பெயரும் பைட்டுகளும் மட்டும் கொண்ட அகராதியாகத்தான் இவற்றைச் சேமிக்கிறது. வகையைத் தொலைத்துவிட்டு மதிப்பை மட்டும் மீட்டால், லிஸ்ட்ஆட்டரில் பெயர் இருக்கும், பைட்டுகளும் சரியாக இருக்கும், ஆனால் அந்த ஆட்ரிபியூட்டைச் சரமாகவோ எண்ணாகவோ எதிர்பார்க்கும் நிரல்களுக்கு அது பொருந்தாது.

நான் பரிந்துரைக்கும் வழி: மதிப்பின் முன்னால் நான்கு பைட்டில் வகையை எழுதிச் சேமியுங்கள். அந்த நான்கு பைட்டின் வரிசை எது என்பதைக் குறிமுறையிலேயே நிலையாக எழுதிவிடுங்கள், கணினிக்குத் தக்கபடி மாறவிடாதீர்கள். பெயரின் முன்னால் “யூசர்.ஹைக்கூ.” என்ற முன்னொட்டைச் சேருங்கள். லினக்ஸில் சாதாரணப் பயனர் எழுதக்கூடிய ஆட்ரிபியூட்டுகள் “யூசர்.” என்று தொடங்க வேண்டும். ஹைக்கூ கணினி பழுதாகி, அவசரத்துக்கு ஒரு லினக்ஸ் கணினியில் மீட்க வேண்டி வந்தாலும் இந்த முன்னொட்டு இருந்தால் பெரும்பாலானவை உயிரோடு வந்து சேரும். எல்லாமே என்று சொல்லவில்லை. லினக்ஸ் ஓர் ஆட்ரிபியூட்டுக்கு 64 கிலோபைட்டுக்கு மேல் இடம் தராது, எக்ஸ்ட்4 அதைவிடவும் கஞ்சம். பிஎஃப்எஸ்ஸில் சிறிய ஆட்ரிபியூட்டுகள், கோப்பின் விவரங்கள் இருக்கும் ஐனோடுக்குள்ளேயே அடங்கும், பெரியவை தனியாகக் கோப்பு போலவே வளரும். அங்கே இந்த எல்லை இல்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில. படிக்கும் அழைப்பு நீங்கள் கேட்டதைவிடக் குறைவான பைட்டுகளைத் தரக்கூடும், முழுதும் வரும்வரை சுற்றுங்கள். பட்டியல் எடுத்த கணத்துக்கும் படிக்கும் கணத்துக்கும் இடையில் வேறு நிரல் அந்த ஆட்ரிபியூட்டை நீக்கியிருக்கலாம். அதற்காக முழு பேக்கப்பும் நிற்கக்கூடாது, எச்சரித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். சிம்பாலிக் லிங்க்குக்கும் ஃபோல்டருக்கும்கூட ஆட்ரிபியூட்டுகள் உண்டு. லிங்க்கைத் திறக்கும்போது அது காட்டும் கோப்புக்குத் தாவிவிடாமல் இருக்க ஓ_நோட்ராவர்ஸ் கொடியைப் பயன்படுத்துங்கள்.

எல்லா ஆட்ரிபியூட்டும் வேண்டுமா என்ற கேள்வி வரும். ஹைக்கூவின் ஃபைல் மேனேஜரான டிராக்கர், படங்களின் சிறுபடத்தை ஆட்ரிபியூட்டாகவே வைக்கிறது, சாளரத்தின் இடத்தையும் ஐகான்களின் இடத்தையும்கூட வைக்கிறது. மறுபடி உருவாக்கக்கூடியதை ஏன் சேமிக்க வேண்டும் என்று தோன்றலாம். என் முடிவு உறுதியானது: இயல்பு நிலையில் எல்லாவற்றையும் எடுங்கள். எது தேவையில்லை என்று முடிவு செய்ய வேண்டியவர் பயனர், போர்ட் செய்பவர் அல்ல. புதிய ஃபைலைச் சைதன் பில்ட் பட்டியலில் ஹைக்கூவுக்கு மட்டும் சேர்க்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் போர்க் சத்தமில்லாமல் மறுபடி பேஸ் கோப்புக்கே போய்விடும்.

பாதைகள், பேக்கேஜ்எஃப்எஸ், ஒரே பயனர்

போர்க் தன் அமைப்புகளையும் சாவிகளையும் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் வைக்கும். ஹைக்கூவின் வழக்கம் வேறு: அமைப்புகள் /பூட்/ஹோம்/கான்ஃபிக்/செட்டிங்ஸ் என்ற இடத்தில், தற்காலிகச் சேமிப்புகள் அதற்குப் பக்கத்தில் கேஷ் ஃபோல்டரில். இவற்றை எழுத்தாகப் பதிக்காமல், ஃபைண்ட்_டைரக்டரி அழைப்பிடம் கேட்டுப் பெறுவதுதான் முறை. ரெசிபியில் பேட்ச் (மூலக் குறிமுறையில் செய்யும் திருத்தம்) சிறியதாக இருக்க வேண்டுமானால், போர்க்குக்கு அதன் சூழல் மாறிகள் வழியாகவே பாதையைச் சொல்லிவிடலாம். எப்படிச் செய்தாலும், சாவி எங்கே விழுகிறது என்பதை ஆவணத்தில் தெளிவாக எழுதுங்கள். சாவியைத் தன் கணினியிலேயே கோப்பாக வைக்கும் கீஃபைல் முறையில் மறையாக்கியவர், அதை அதே வட்டில் மட்டும் வைத்திருந்தால், பேக்கப் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

அடுத்தது பேக்கேஜ்எஃப்எஸ். ஹைக்கூவில் மென்பொருளை நிறுவினால் கோப்புகள் வட்டில் விரிக்கப்படுவதில்லை. பேக்கேஜ் கோப்பு அப்படியே இருக்க, அதன் உள்ளடக்கம் படிக்க மட்டும் முடிகிற ஃபைல் சிஸ்டமாக /பூட்/சிஸ்டத்தில் தோன்றும். எனவே அந்த ஃபோல்டர் முழுவதையும் பேக்கப் எடுப்பது வீண். பேக்கேஜஸ், செட்டிங்ஸ், நான்-பேக்கேஜ்ட் போன்ற சில உள் ஃபோல்டர்கள் மட்டும் பேக்கேஜ்எஃப்எஸ்ஸைத் துளைத்துக்கொண்டு கீழே இருக்கும் பிஎஃப்எஸ்ஸிலிருந்து தெரிகின்றன. எடுக்க வேண்டியவை இந்த மூன்றும்தான்.

/பூட்/ஹோம்/கான்ஃபிக்கும் பேக்கேஜ்எஃப்எஸ் மவுண்ட் என்பது பலருக்குத் தெரியாது. லினக்ஸ் பழக்கத்தில் “ஒரே ஃபைல் சிஸ்டத்தில் மட்டும் நட” என்ற தெரிவைக் கொடுத்து ஹோம் ஃபோல்டரை பேக்கப் எடுத்தால், போர்க் கான்ஃபிக் வாசலில் சாதன எண் மாறுவதைப் பார்த்துத் திரும்பிவிடும். உள்ளே இருக்கும் உங்கள் அமைப்புகள் அத்தனையும் விட்டுப்போகும். அந்தத் தெரிவைக் கொடுக்காமல், வேண்டாத ஃபோல்டர்களைப் பெயர் சொல்லி விலக்கும் மாதிரிக் கோப்பு ஒன்றை பேக்கேஜோடு சேர்த்துக் கொடுங்கள்.

ஹைக்கூ இப்போதைக்கு ஒரே பயனருக்கானது. அந்தப் பயனரின் எண் 0. எண் 0 என்றால் ரூட், ரூட் என்றால் எதையும் செய்யலாம் என்று நம்பும் குறிமுறை சாதனக் கோப்புகளை உருவாக்க முயன்று இங்கே தோற்கும். அந்த இடங்களை, யார் என்று கேட்காமல், முயன்று பார்த்து முடியவில்லை என்றால் எச்சரிக்கும்படி மாற்றுங்கள். ஏசிஎல் (ஒரு கோப்பில் யார் யாருக்கு என்ன அனுமதி என்ற விரிவான பட்டியல்) இல்லை, அதைத் தொட வேண்டாம். பேக்கப்பை மவுண்ட் செய்து உலாவும் ஃப்யூஸ் வசதியை முதல் பதிப்பில் விட்டுவிடலாம். மீட்கும் கமாண்ட் சரியாக இருந்தால் அது இல்லாமலே வாழ முடியும்.

சோதனைத் தொகுப்பு

போர்க்கோடு பெரிய சோதனைத் தொகுப்பு வருகிறது, பைடெஸ்ட்டில் ஓடும். முதல் ஓட்டத்தில் வரும் தோல்விகளின் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். வகை பிரித்தால் சில காரணங்கள்தான் இருக்கும்: ஹார்ட் லிங்க் இல்லாதது, ரூட் பற்றிய அனுமானம், கோப்பு நேரத்தின் நுணுக்கம், ஆட்ரிபியூட். ஹார்ட் லிங்க் உண்டா, சிம்லிங்க் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துச் சோதனையைத் தவிர்க்கும் வசதி அந்தத் தொகுப்பிலேயே இருக்கிறது. ஆனால் தவிர்க்கப்பட்ட சோதனை தேறிய சோதனை அல்ல. தவிர்க்கப்பட்டவற்றின் பட்டியலை ஒருமுறை முழுதும் படியுங்கள். ஆட்ரிபியூட் சோதனைகள் அந்தப் பட்டியலில் இருந்தால், உங்கள் சைதன் கோப்பு பயன்பாட்டுக்கே வரவில்லை என்று அர்த்தம்.

மீட்டுப் பார்ப்பது

தொகுப்பு தேறினாலும் கையால் மீட்டுப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு சோதனை ஃபோல்டரைத் தயார் செய்யுங்கள். அதில் ஒரு பீப்பிள் கோப்பு, சில மின்னஞ்சல்கள், ஆட்ரிபியூட் ஏற்றிய ஒரு பாடல், தனி ஐகான் வைத்த ஒரு கோப்பு, ஆட்ரிபியூட் உள்ள ஒரு ஃபோல்டர், ஆட்ரிபியூட் உள்ள ஒரு சிம்பாலிக் லிங்க், மதிப்பு காலியான ஓர் ஆட்ரிபியூட், 64 கிலோபைட்டைத் தாண்டிய ஓர் ஆட்ரிபியூட் ஆகியவை இருக்கட்டும். தமிழில் நீளமாகப் பெயரிட்ட கோப்பும் ஒன்று வையுங்கள். பிஎஃப்எஸ்ஸில் பெயருக்கு 255 பைட் எல்லை. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் 85 குறியீடுகளில் முடிந்துவிடும், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் பெயர்தான் பிழைகளை வெளியே கொண்டுவரும்.

இப்போது ஒவ்வொரு கோப்பின் பெயர், அளவு, மாற்றிய நேரம், ஒவ்வொரு ஆட்ரிபியூட்டின் பெயர், வகை, மதிப்பு ஆகியவற்றை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதும் சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அதை போர்க்கின் குறிமுறையைப் பயன்படுத்தாமல், லிஸ்ட்ஆட்டர், கேட்ஆட்டர் கமாண்டுகளால் எழுதுங்கள். உங்கள் சைதன் கோப்பிலேயே தவறு இருந்தால் அதே கோப்பு அதைக் காட்டிக்கொடுக்காது. பேக்கப் எடுத்து, இரண்டாவது வட்டில் மீட்டு, ஸ்கிரிப்ட்டை அங்கேயும் ஓட்டி, இரண்டு டெக்ஸ்ட் கோப்புகளையும் டிஃப் கொடுத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. நேரம் மட்டும் மாறியிருந்தால், ஆட்ரிபியூட் எழுதுவது நேரத்துக்கு முன்பா பின்பா என்று வரிசையைப் பாருங்கள். அப்புறம், உள்ளடக்கத்தைத் தொடாமல் ஓர் ஆட்ரிபியூட்டை மட்டும் மாற்றி மறுபடி பேக்கப் எடுங்கள். அந்த மாற்றம் புதிய ஆர்க்கைவில் வந்திருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக வந்தபின், மீட்ட வட்டில் ஒரு குவெரி (ஆட்ரிபியூட் மதிப்பை வைத்துக் கோப்புகளைத் தேடுவது) ஓட்டிப் பாருங்கள்: மெட்டா:நேம் என்ன மதிப்பாக இருந்தாலும் காட்டு என்று. எதுவும் வராமல் போகலாம். பிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு வட்டுக்கும் தனி இன்டெக்ஸ்கள் உண்டு, அவற்றுக்கும் வகை உண்டு. குவெரி தேடுவது அந்த இன்டெக்ஸில். புதிதாக ஃபார்மேட் செய்த வட்டில் மெட்டா:நேமுக்கு இன்டெக்ஸ் இருக்காது, பேக்கப் மென்பொருளும் அதை உருவாக்காது. ஆகவே பேக்கப் எடுக்கும் முன் எல்எஸ்இன்டெக்ஸ் கமாண்டின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி அதையும் பேக்கப்பில் சேர்க்க வேண்டும். மீட்கும் முன் எம்கேஇன்டெக்ஸால் அவற்றை உருவாக்கினால் கோப்புகள் எழுதப்படும்போதே இன்டெக்ஸில் ஏறிவிடும். மறந்துவிட்டால் பிறகு உருவாக்கி, ரீஇன்டெக்ஸ் கமாண்டை ஓட்டலாம். இதைச் செய்யும் இரண்டு சிறு ஸ்கிரிப்ட்களை பேக்கேஜோடு கொடுத்தால் பயனர்களுக்குப் பேருதவி. இங்கேதான் வகையைச் சேமித்ததன் பலனும் தெரியும்: சரத்துக்கான இன்டெக்ஸில், வகை தொலைந்த மதிப்பு உட்காராது.

ரெசிபி எழுதி அனுப்புவது

இதுவரை செய்தது உங்கள் கணினியில் மட்டும் ஓடுகிறது. மற்றவர்களுக்குப் போக ரெசிபி வேண்டும். அது ஷெல் நடையில் எழுதிய கோப்பு: சுருக்கம், விளக்கம், உரிமம், மூலக் கோப்பின் முகவரி, அதன் ஷா256 செக்சம், தருபவை, தேவைப்படுபவை, அப்புறம் பில்ட், இன்ஸ்டால், டெஸ்ட் ஆகிய பகுதிகள். உங்கள் திருத்தங்கள் பேட்ச்செட் கோப்பாக அதனோடு போகும். ஹைக்கூபோர்ட்டர் என்ற கருவி இதைப் படித்து, தேவையென்று நீங்கள் குறிப்பிட்டவை மட்டும் இருக்கும் தனிச் சூழலில் பில்ட் செய்யும். உங்கள் கணினியில் தற்செயலாக இருந்த ஒரு நூலகத்தைப் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தால் இங்கே பிடிபடும்.

உருவான பேக்கேஜைப் புதிதாக நிறுவிய இன்னொரு மெய்நிகர் கணினியில் போட்டு, மீட்கும் சோதனையை முழுதும் மறுபடி செய்யுங்கள்.

பேட்ச்களை இரண்டாகப் பிரியுங்கள். பாதைகள், பில்ட் நிரல் திருத்தங்கள், சைதன் கோப்பு ஆகியவை போர்க்கின் மூலத் திட்டத்துக்கே போக வேண்டியவை. சிறு சிறு பேட்ச்சாக, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி அனுப்புங்கள். தங்களிடம் இல்லாத இயங்குதளத்துக்கான குறிமுறையை ஏற்கும் பராமரிப்பாளருக்கு, அது மற்றவர்களின் குறிமுறையைத் தொடவில்லை என்பது முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும். ஆட்ரிபியூட் சேமிக்கும் வடிவத்தை மட்டும், யாரும் பயன்படுத்தத் தொடங்கும் முன்பே அவர்களோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருமுறை ஆர்க்கைவுகள் எழுதப்பட்டுவிட்டால் அந்த வடிவத்தை என்றைக்கும் படித்தாக வேண்டும். மீதி, அதாவது ஹைக்கூவின் பேக்கேஜ் சார்ந்தவை, விலக்கு மாதிரிக் கோப்பு, இன்டெக்ஸ் ஸ்கிரிப்ட்கள் ஆகியவை ஹைக்கூபோர்ட்ஸுக்கு. மூலத் திட்டம் ஏற்கும்வரை முதல் வகையும் பேட்ச்செட்டில் இருக்கும். ஏற்றுக்கொண்ட பதிப்பு வெளிவந்ததும் நீக்கிவிடுங்கள். பைத்தானின் புதிய பதிப்பு ஹைக்கூவுக்கு வரும்போது பேக்கேஜை மறுபடி பில்ட் செய்ய வேண்டியிருக்கும். அந்த ஒப்பீட்டு ஸ்கிரிப்ட்டை ரெசிபியின் டெஸ்ட் பகுதியில் சேர்த்துவிட்டால், அப்போது வேறொருவர் பில்ட் செய்தாலும் அதே சோதனையை அவரும் ஓட்டலாம்.